வெறும் வயிற்று எலிகள்

என் முனைவர் பட்ட ஆய்வை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், எலியின் ரத்தத்தை எடுத்துவிட்டு அது சாகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என்பேன். சொந்தக்காரர்களில் இதற்கு மேல் இரண்டாவது வரி கேட்டவர் யாரும் இல்லை. கல்யாண வீட்டில் "பொண்ணு இன்னா படிக்குது?" என்று ஆசையாக விசாரிக்கிறவர்கள், பதிலைக் கேட்டதும் பந்தி எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். தாராளமாகப் போகட்டும்.

அந்த இரண்டாவது வரி இதுதான். உடம்பிலிருந்து ரத்தம் நிறையப் போய்விட்டால் ஒரு கட்டம் வரைக்கும் உடம்பு சமாளிக்கும். ரத்தக் குழாய்களை இறுக்கிக்கொள்ளும், இதயத்தை விரட்டும், கை காலுக்குப் போகிற ரத்தத்தை நிறுத்தி மூளைக்கு அனுப்பும். அதற்குப் பிறகு அதுவும் கையை விரித்துவிடும். இதை ஷாக் என்கிறோம். வெளியிலிருந்து ரத்தம் ஏற்றும்வரை அந்த உடம்பைக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்க வைக்க ஒரு மருந்தால் முடியுமா என்பதுதான் என் கேள்வி.

கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. அப்பா வழியாக வந்தது, வீட்டில் அவரை நைனா என்போம். அவருக்கு விம்கோ நகரில், கண்டெய்னர் டிரெய்லர்களுக்கு பிரேக் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. வாழ்நாள் முழுக்க டிரெய்லருக்கு பிரேக் பார்த்த மனிதர், பிரேக் நன்றாக இருந்த ஒரு டிரெய்லரின் கீழேயே பைக்கோடு மாட்டினார். அடி தொடையில்தான். தலையில் கீறல்கூட இல்லை. ரத்தம்தான் போய்க்கொண்டே இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, வந்து, துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருந்த லாரி வரிசைக்குப் பின்னால் நின்றது. அந்தச் சாலைக்கு எக்ஸ்பிரஸ் ரோடு என்று பெயர். பெயர் வைத்த மகானை எங்கள் பக்கத்து ஜனங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, என்னைவிட ஒன்றிரண்டு வயதே மூத்த ஒரு டாக்டர், "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்போது நான் மருந்தியல் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு வேண்டியிருந்தது. பட்டம், வேலை, பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் எழுத்து எல்லாம் அதற்குப் பிறகு. லாரி வரிசை குறையப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வரிசையில் சிக்கிக்கொள்கிற யாரோ ஒருவருக்கு ஒரு மணி நேரத்தை மருந்தாக்கிக் கொடுத்துவிட முடியுமென்றால், நான் எத்தனை எலியை வேண்டுமானாலும் அறுக்கத் தயாராக இருந்தேன்.

அம்மாவுக்கு அதே நாளிலிருந்து வேறொரு பைத்தியம் பிடித்தது. அன்று காலை நைனா சாப்பிடாமல் போனார். முந்தின இரவு குழம்பில் உப்பு அதிகம் என்று ஆரம்பித்த சண்டை, காலையில் அம்மா அடுப்பைப் பற்ற வைக்காததில் முடிந்தது. அவரும் கேட்கவில்லை, இவளும் கொடுக்கவில்லை. இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. பேசாமலேயே வீட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது: எங்கள் வீட்டுப் படியை வெறும் வயிற்றோடு யாரும் இறங்கக் கூடாது. கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவருக்குக்கூட டீயும் தொட்டுத் தின்ன ஒரு பொறை ரொட்டியும் கொடுத்துத்தான் அனுப்புவாள். வேண்டாம் என்று சொன்ன ஒரு கூரியர்காரரைக் கேட் வரைக்கும் துரத்திக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். அம்மா நெட்டுக்குப்பத்தில் பிறந்தவள், திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அவளிடம் வேண்டாம் என்று சொல்லி ஜெயித்தவர் கிடையாது.

ஆய்வகம் மாதவரம் பக்கம், லாரி ஷெட்டுகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில். பெயர் வேண்டாம். அங்கே என் வழிகாட்டியை நாங்கள் சார் என்போம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராயபுரத்துக்கு வந்து மண்டி போட்ட கருப்பட்டி வியாபாரக் குடும்பம் அவருடையது. அண்ணன் தம்பிகள் எல்லோரும் கல்லாவில் உட்கார்ந்திருக்க, இந்த ஒரு பிள்ளை மட்டும் எலியோடு உட்கார்ந்துவிட்டதே என்று அவர்கள் வீட்டில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தைத் தீர்க்க ஒரு பெரிய கண்டுபிடிப்பு வேண்டும் என்று சாருக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்தது.

எலி அறைக்குப் பொறுப்பு ஒரு அண்ணன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்புக்காரர், கல்லூரியில் ஒப்பந்த வேலை. கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, எடை போடுவது, நான் மருந்து ஊற்றும்போது எலியைக் கடிக்காமல் பிடித்துக்கொள்வது எல்லாம் அவர். எலிகளை மாமு என்று கூப்பிடுவார். காலையில் கதவைத் திறந்ததும், "இன்னா மாமு, ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்று வரிசையாக விசாரித்துக்கொண்டே போவார். என்னை அவ்வளவு அக்கறையாக யாரும் விசாரித்ததில்லை.

வேலை இப்படிப் போகும். மாலையில் எலிகளைத் தனித்தனிக் கூண்டுக்கு மாற்றி, தீனியை எடுத்துவிடுவோம். தண்ணீர் மட்டும். பிறகு முனை மழுங்கிய ஒரு வளைந்த ஊசியை வாய் வழியாக வயிற்றுக்குள் விட்டு, மருந்தை ஊற்றுவோம். மறுநாள் காலை மயக்க மருந்து கொடுத்து, கழுத்து ரத்தக் குழாயில் ஒரு மெல்லிய டியூபைச் செருகி, ரத்த அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்கு விழும்வரை ரத்தத்தை எடுப்போம். பிறகு அந்த மயக்கத்திலேயே எத்தனை நேரம் தாங்குகிறது என்று பார்ப்போம். முந்தின நாள் சாயங்காலமே மருந்து சாப்பிட்டுவிட்டு விபத்தில் மாட்டுங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். முதலில் மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்போம், செய்தால் அதை ஊசியாக்குவோம் என்பது சாரின் கணக்கு.

மருந்து, வேறு எதற்கோ செய்து கைவிடப்பட்ட ஒன்று. இரண்டு பாட்டில்களில் வைத்திருப்பார் சார், ஒன்றுக்குச் சிவப்பு மூடி, ஒன்றுக்கு நீல மூடி. ஒன்றில் மருந்து, மற்றதில் மருந்து இல்லாத வெறும் கரைசல். பார்க்க இரண்டும் தண்ணீர் மாதிரி இருக்கும். எதில் எது என்று சாருக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்தால் நான் மனசறிந்தோ அறியாமலோ ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன் என்பதால் இந்த ஏற்பாடு. எனக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது, எலிக்கும் தெரியாது என்று, எலி ஆய்வுக்கு அனுமதி தரும் கமிட்டி முன்னால் பெருமையாகச் சொன்னேன். எலிக்குத் தெரிந்திருந்தது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

பட்டினி போடுவதற்கும் காரணம் உண்டு. சாப்பிட்ட எலியின் ஈரலில் சர்க்கரை சேர்ந்திருக்கும். ரத்தம் போகும்போது ஈரல் அதை அவிழ்த்துவிடும். அந்தச் சர்க்கரை, சுற்றியிருக்கும் தசைகளிலிருந்து தண்ணீரைக் குழாய்க்குள் இழுத்துக்கொண்டு வரும். அதனால் சாப்பிட்ட எலி, பட்டினி கிடந்த எலியைவிட நன்றாகவே தாங்கும். இது ரொம்ப நாளாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரு எலி சாப்பிட்டு இன்னொன்று பட்டினி கிடந்தால் கணக்கே கெட்டுவிடும், அதனால் எல்லா எலியும் பட்டினி. கமிட்டியில் ஒருவர் "பாவமில்லையா?" என்று கேட்டபோது இதைத்தான் விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு முந்திரி பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

முதல் சுற்று முடிந்து சார் பாட்டில் ரகசியத்தை உடைத்தார். சிவப்பு மூடி எலிகள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்திருந்தன. நீல மூடி எலிகளில் பெரும்பாலானவை சாயங்காலம் வரைக்கும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. நீலம்தான் மருந்து. சார் பியூனை அனுப்பி மொத்த டிபார்ட்மெண்டுக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றுக்கு என் பெயரையும் அவர் பெயரையும் போட்டு அன்றைக்கே அனுப்பிவிட்டார். "அண்ணாச்சி கடையில கருப்பட்டி விக்கிறவனுக்கு இனி நான் யாருன்னு தெரியும்" என்றார். கடைக்காரர் அவருடைய சொந்த அண்ணன்.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ், வழக்கம்போல லாரி வரிசையில் நின்றது. ஜன்னல் பக்கம் ஒரு கண்டெய்னர், அதற்கு முன்னால் இன்னொன்று. அவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக எனக்குக் கோபம் வரவில்லை. நில்லுங்கடா, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துப் பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

ஒரு தடவை அந்த முடிவு வந்தது போதாது, மறுபடியும் வர வேண்டும் என்பது எங்கள் தொழில் தர்மம். இரண்டாவது சுற்றுக்கு அண்ணன் இல்லை. தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு, தாய்மாமன் சீர் அவர்தான் செய்ய வேண்டும், கும்மிடிப்பூண்டி போய்விட்டார். வாட்ச்மேன் எலிகளைப் பார்த்துக்கொண்டார். மருந்து படுத்துவிட்டது. சிவப்பும் செத்தது, நீலமும் செத்தது. பாட்டில் மாறிவிட்டதா என்று சார் இரண்டு தடவை பார்த்தார், மாறவில்லை. கரண்ட் போனதைக் குறை சொன்னார், புது எலிகளின் வம்சத்தைக் குறை சொன்னார், மணலிப் பக்கமிருந்து வரும் நாற்றத்தைக் குறை சொன்னார். கடைசியில் என் கையைக் குறை சொன்னார். என் கையைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "போன வாட்டி இதே கைதான சார்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் சத்தமாகவே சாத்தினேன்.

அண்ணன் திரும்பி வந்தார். லட்டும் முறுக்கும் கொடுத்தார். மூன்றாவது சுற்று. மருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டது.

சார் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "யம்மா, அவனுக்குக் கைராசி கேட்டியா" என்றார். எங்கள் பக்கத்தில் எல்லாத் தெருவிலும் ஒரு கைராசி டாக்டர் உண்டு. கைராசி எலி அட்டெண்டர் என்று நான் கேள்விப்பட்டதில்லை. ஆய்வுக் கட்டுரையில் இதை எந்த இடத்தில் எழுதுவது என்று கேட்டேன். அவர் அதை விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னமும் சந்தேகம்தான்.

அந்தச் சுற்றில் எறும்புத் தொல்லை வேறு. காலையில் வந்து பார்த்தால் சில கூண்டுகளின் அடித்தட்டில் சாரை சாரையாக எறும்பு, சிலவற்றில் ஒன்றுகூட இல்லை. "இன்னாணா, ரூமை இப்படிக் கலீஜா வெச்சிருக்க?" என்று அண்ணனிடம் எரிந்து விழுந்தேன். "எறும்பு எங்கதான் பாப்பா இல்ல? இன்னா கேட்டுகினா வருது?" என்றார். எறும்புச் சாக்பீஸ் வாங்கி மேஜைக் காலைச் சுற்றிக் கோடு போட்டேன். எறும்பு மொய்த்த கூண்டு எலிகள்தான் பிழைக்கின்றன என்று இரண்டாம் நாள் கவனித்தேன். கவனித்து என்ன செய்தேன்? சாரிடம் ஜோக்காகச் சொன்னேன். "எறும்பையெல்லாம் எழுதிராத தாயி, ஏற்கெனவே கைராசி வேற இருக்கு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால் ஒரு உண்மையை எவ்வளவு லேசாகக் கடந்து போய்விடலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

அந்த வாரம் அம்மாவுக்குத் தலைசுற்றல். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். முந்தின இரவே கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். ரிசல்ட்டைப் பார்த்தால் எகிறியிருந்தது.

"வெறும் வயித்துல போகச் சொன்னேன்ல மா?"

"வெறும் வயித்துலதான்டி போனேன்."

"எதுவும் சாப்புடல?"

"இன்னாத்த சாப்ட்டேன்? ஒரு டீ. ரெண்டு பொறை."

"பொறை சாப்பாடு இல்லியா?"

"பொறை எப்படிடி சாப்பாடு ஆவும்? சோறு தின்னாத்தான் சாப்பாடு. வெள்ளிக்கிழம ஒரு பொழுதுன்னாக்கூட பால், பழம், பொறை சாப்புடலாம்."

நான் கத்த வாயைத் திறந்தேன். கத்தவில்லை. அடுக்களை மேடையில் அம்மா சிந்தியிருந்த டீத்துளியைச் சுற்றி எறும்பு வட்டம் கட்டியிருந்தது. அதைப் பார்த்தபடியே நின்றேன்.

மறுநாள் சீக்கிரமே போனேன். அண்ணன் தன் மூலையில் கடுங்காப்பி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு டப்பா நிறைய அச்சு வெல்லம். புகையிலை போடுவதை நிறுத்திய நாளிலிருந்து அவருக்கு வெல்லம் இல்லாமல் முடியாது. சண்டை போடும் குரலை வெளியே கழற்றி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"அண்ணா, மாமுங்களுக்கு ராத்திரி எதுனா குடுப்பியா?"

"சீச்சீ. நீதான் பட்டினி போடச் சொல்லிகீறியே. ஒரு பருக்கை குடுக்க மாட்டேன்."

"வெல்லம்?"

"வெல்லம் குடுப்பேன்." ஒரு ஒளிவும் மறைவும் இல்லாமல் சொன்னார். "அதுவும் எல்லாருக்கும் இல்ல. நீ மருந்து ஊத்திட்டு பஸ் புடிக்க ஓடிர்ற. அப்பால பாத்தா, சிலது தாடைய தரையில தேச்சிகினு, வாய தொடச்சிகினு கெடக்கும். கசப்பு, பாவம். கசப்பு மருந்து குடுத்தா நாக்குல இனிப்பு வெக்கணும் பாப்பா, உங்க வூட்ல வெக்க மாட்டாங்களா? அதான் ஒரு துண்டு. சிலது தண்ணி குடிச்சாப்பல கம்முனு கெடக்கும், அதுக்கு எதுக்கு வெல்லம்?"

எங்கள் வீட்டிலும் வைப்பார்கள். நிலவேம்புக் கசாயத்தைக் குடித்து முடித்ததும் அம்மா வாயில் வெல்லத்தைத் திணிப்பாள். குடித்தவர்களுக்கு மட்டும்தான், வேடிக்கை பார்த்தவர்களுக்குக் கிடையாது.

நான் அறைக்குப் போய் நீல மூடிப் பாட்டிலில் விரல் நுனியைத் தொட்டு நாக்கில் வைத்தேன். ஒரு ஆய்வாளர் செய்யவே கூடாத காரியம். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு, காது வரைக்கும் ஏறியது. சிவப்பு மூடியில் ஒரு ருசியும் இல்லை. ஊசியை வெளியே இழுக்கும்போது நாக்கில் படுகிற ஒரு சொட்டில் எலி பாட்டில் ரகசியத்தை உடைத்துவிட்டது, தாடையைத் தேய்த்து அதை அண்ணனுக்குச் சொல்லிவிட்டது. அண்ணன் ஒரு துண்டு வெல்லத்தை வைத்தார். ராத்திரி முழுக்க எலி அதைக் கொறித்தது. காலையில் ஈரல் நிறையச் சர்க்கரையோடு என்னிடம் வந்து படுத்தது. பிழைத்தது. அந்தப் பிழைப்புக்குத்தான் நாங்கள் போண்டா சாப்பிட்டோம்.

ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். பட்டத்துக்காக அழுததாக அண்ணன் நினைத்துக்கொண்டார். அதுவும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் அழுதது அந்த ஒரு மணி நேரத்துக்காக. அது என் கையில் இருக்கிறது என்று சில மாதமாவது நம்பியிருந்தேன். பஸ்ஸில் சிரித்ததெல்லாம் ஞாபகம் வந்து அவமானமாக இருந்தது.

சாரிடம் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். எலிக்கு அடுத்தது முயல், அதற்கடுத்தது பன்றி, அதற்கும் அடுத்தது அந்த ரோட்டில் ரத்தத்தோடு கிடக்கிற யாரோ ஒரு ஆள். அவர் உடம்பில் இந்தக் கசப்புத் தண்ணீரை ஏற்றிவிட்டு, கவலைப்படாதீர்கள், ஒரு மணி நேரம் இருக்கிறது என்பார்கள். அந்த ஆளுக்கு நைனாவின் முகம்தான் வந்தது. எழுந்து சார் அறைக்குப் போனேன்.

முழுக்கக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கருத்தரங்கு அடுத்த மாதம். அரை நிமிஷம் கழித்து அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"கருப்பட்டியா, வெல்லமா?"

"வெல்லம் சார்."

"கருப்பட்டியா இருந்தா இன்னும் ரெண்டு பொழச்சிருக்கும்" என்றார்.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்க அப்பா ஆயுசு பூரா வித்ததத்தான் நான் பெரிசா கண்டுபிடிச்சிருக்கேன், பாத்துக்கோ. மலையைக் கெல்லி எலியைப் பிடிச்சாங்கன்னு சொல்லுவாவ. நாம எலியைக் கெல்லி வெல்லத்தப் பிடிச்சிருக்கோம்." அப்போதே கருத்தரங்குக்காரர்களுக்குப் போன் போட்டு, வரவில்லை, முடிவில் பிழை இருக்கிறது என்று சொன்னார். அண்ணனின் பெயரை நிர்வாகத்திடம் எடுக்கவே இல்லை. இரண்டு பாட்டிலிலும் கசப்பைச் சமன் செய்யாமல் கரைசல் தயாரித்தது நம் தப்பு, அவன் மனுஷனா இருந்தது எப்படித் தப்பாகும் என்று என்னிடம் கேட்டார். சாரைப் பற்றி இதுவரை கிண்டலாக எழுதியதில் பாதியை அந்த ஒரு கேள்விக்காக வாபஸ் வாங்குகிறேன்.

திரும்பச் செய்தோம். எல்லா எலிக்கும் வெல்லம் கொடுத்தபோது, மருந்து குடித்ததும் குடிக்காததும் ஒன்றுபோலத் தாங்கின. எந்த எலிக்கும் வெல்லம் கொடுக்காதபோது இரண்டும் ஒன்றுபோலச் செத்தன. மருந்தால் ஒரு நிமிஷம்கூடக் கூடவில்லை. அண்ணனுக்கு இந்தச் சுற்று பிடிக்கவே இல்லை.

"வெல்லம் குடுத்தா பொழக்குதுன்னு நீயே சொல்ற. அப்பால எதுக்கு குடுக்க வேணான்ற?"

"எதனால பொழக்குதுன்னு தெரியணும் இல்லணா."

"பேஜாரு பாப்பா உன்னோட. பொழச்சவன் எவனாவது எதனாலன்னு கேட்டுகினு இருப்பானா?"

பிழைத்த எலிகளையும் சாயங்காலம் மயக்கத்திலேயே முடித்துவிடுவோம் என்பது அவருக்கும் தெரியும். அந்தப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

இந்த மருந்தால் பயன் இல்லை என்று ஏறக்குறைய முந்நூறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பட்டம் தந்துவிடுவார்கள் என்றார் சார். ஒன்றும் இல்லை என்று கண்டுபிடிப்பதும் கண்டுபிடிப்புதானாம்.

வீட்டில் அம்மா வாசல் பக்கம் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். "அந்த மருந்து இன்னா ஆச்சுடி?" என்றாள். நான் கதையை ஆரம்பித்தேன். சிரிப்பாகத்தான் சொன்னேன். அண்ணன் தாடையைத் தேய்த்துக் காட்டியதை நடித்தேன், சார் கருப்பட்டியா வெல்லமா என்று கேட்டதை அவர் குரலிலேயே சொன்னேன். அம்மாவும் சிரித்தாள். "வெல்லம் தின்ன எலியெல்லாம் பொழச்சிடுச்சு மா, வெறும் வயித்தோட இருந்ததெல்லாம் போயிடுச்சு" என்று முடித்தேன்.

முடித்த பிறகுதான் அம்மாவின் கை நின்றிருப்பதைப் பார்த்தேன். கத்தி மீன்மேல் அப்படியே இருந்தது.

"உங்க நைனா அன்னிக்கு ஒண்ணும் சாப்புடாமத்தான் போனாரு" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அதை அவள் வாய் விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எலியின் இதயமும் மனித இதயமும் எப்படியெல்லாம் ஒரே மாதிரி வேலை செய்கின்றன, எலியில் கண்டதை ஏன் மனிதனுக்கும் நம்பலாம் என்று எத்தனை கமிட்டியில் நின்று வாதாடியிருப்பேன். படம் போட்டே காட்டியிருக்கிறேன். இப்போது என் அம்மா அதை நம்பிவிட்டாள்.

"எலி வேற, மனுஷன் வேற மா" என்றேன்.

"சும்மா சொல்ற."

"சத்தியமா. எலி ராத்திரி பூரா தின்னுகினே இருக்கிற ஜென்மம். ஒரு ராத்திரி சோறு இல்லன்னா அதுக்கு ஈரலே காலி. மனுஷனுக்கு அப்படி இல்ல. நைனா மொத நாள் ராத்திரி சாப்ட்டாரா?"

"உப்பு உப்புன்னு கத்திகினே ரெண்டு வாட்டி போட்டுத் தின்னாரு."

"அப்போ அவ்ளோதான். அவரு ஈரல்ல எல்லாம் இருந்துச்சு. காலையில ஒரு வேள நாஷ்டா தின்னாததால ஒண்ணும் ஆயிருக்காது. ரத்தம் போச்சு, ஆம்புலன்ஸ் நின்னுது. அதுதான்."

நான் அவளைத் தேற்றுவதற்காகப் புளுகவில்லை. எனக்குத் தெரிந்த வரைக்கும் அதுதான் உண்மை. அம்மா ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். பொய் சொல்கிறேனா என்று மீன் கண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள்.

"எலி வேற மனுஷன் வேறன்னா, இத்தினி வருஷமா எதுக்குடி அதை அறுத்துகினு இருந்த?"

இந்த ஒரு வரியை உனக்குச் சொல்லத்தான் என்று சொல்லியிருக்கலாம். "தெரில மா" என்றேன்.

அடுத்த வாரம் மறுபடி சர்க்கரைப் பரிசோதனை. காலையில் எழுந்து பார்த்தேன், அடுப்பு பற்ற வைக்கவில்லை. டீ இல்லை, பொறை இல்லை. அம்மா புடவையைச் சரி செய்துகொண்டு, பையை எடுத்து, என்னைத் திரும்பிப் பார்க்காமல் வெறும் வயிற்றோடு படி இறங்கிப் போனாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் தெருமுனை திரும்பும்வரை நின்றேன்.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. சர்க்கரை அப்போதும் அதிகம்தான்.